வியாழனுக்கு யார் அழுவது?

ஆர்தர் சி. கிளார்க்கின் ‘2010: ஒடிஸி டூ’ நாவலில் பேராசிரியர் சாங் என்று ஒருவர் வருகிறார். மொத்தமே சில பக்கங்கள்தான். சீனாவின் ட்சியென் விண்கலம் எல்லோரையும் முந்திக்கொண்டு வியாழனின் துணைக்கோளான யூரோப்பாவில் இறங்கியிருக்கிறது. மெல்லிய பனித்தளத்துக்குக் கீழே இருக்கும் நீரைக் குழாய் போட்டு உறிஞ்சி, அதையே உந்துபொருளாக நிரப்பிக்கொண்டு கிளம்புவது திட்டம். சாங்கும் இன்னொரு விஞ்ஞானியும் குழாயின் மேலுறை சரியாக இருக்கிறதா என்று பார்க்க வெளியே வருகிறார்கள். அந்த நேரத்தில் பனிக்கு அடியிலிருந்து என்னவோ ஒன்று மெல்ல மேலேறி வருகிறது. பெரிய பெரிய கடற்பாசிக் கொடிகள் மாதிரி. மனிதர்கள் மேல் அதற்குக் கோபமெல்லாம் கிடையாது. கப்பலின் விளக்கு வெளிச்சம் வேண்டும், அவ்வளவுதான். வருகிற வழியிலேயே உறைந்து உறைந்து உடைகிறது, ஆனாலும் வருகிறது. கப்பல் மேல் ஏறி, தன் எடையாலேயே அதைச் சாய்த்துவிடுகிறது. சாங் மட்டும் மிஞ்சுகிறார்.

அவரிடம் இருப்பது விண்ணுடுப்பில் இருக்கும் ரேடியோ. அதன் அலை எவ்வளவு தூரம் போகும் என்று அவருக்குத் தெரியாது. எங்கேயோ வந்துகொண்டிருக்கும் லியனோவ் கலத்தில் யாராவது கேட்கிறார்களா என்பதும் தெரியாது. பதில் வராத இணைப்பில் பேசிக்கொண்டே இருக்கிறார். யூரோப்பாவில் உயிர் இருக்கிறது என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். பார்த்ததை வரிசையாக, ஒரு ஆய்வுக்கூடக் குறிப்பு மாதிரி சொல்கிறார். விளக்குகளை அணைத்திருந்தால் போதுமே என்பது அவருக்குத் தாமதமாகத்தான் புரிகிறது. கடைசியில் இரண்டே கோரிக்கைகள்: இந்த உயிரினத்தை வகைப்படுத்தும்போது என் பெயரை வையுங்கள், அடுத்த கலம் வரும்போது எங்கள் எலும்புகளைச் சீனாவுக்கு எடுத்துப்போங்கள்.

இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம், மூர் மார்க்கெட்டில் முன்னட்டை கிழிந்த பிரதி ஒன்று வாங்கி ஹாஸ்டலில் வைத்துப் படித்தேன். அப்போது சாங்கை நான் கவனிக்கவே இல்லை. ஹால் 9000 திரும்ப விழிக்குமா, டேவிட் போமன் என்ன ஆனான் என்ற அவசரத்தில் பக்கங்களைத் தள்ளிக்கொண்டு போனேன். பிறகு வேலைக்கு வந்து, ராத்திரி மூன்று மணிக்கு விழுந்துபோன சர்வர்களோடு போராடும் வாழ்க்கை அமைந்தபோது ஒருமுறை படித்தேன். லாக் ஃபைலின் கடைசி வரியைப் பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும். ஒரு ப்ராசஸ் சாகும் முன் என்ன பார்த்தது என்பதை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கும். யார் படிப்பார்கள் என்பது அதற்குத் தெரியாது. அந்த வாசிப்பில்தான் சாங் எனக்குள் இறங்கினார். போன மாதம் மூன்றாவது முறை படித்தேன். இந்தக் கட்டுரை அந்த மூன்றாவது வாசிப்பால் வந்த தொந்தரவு.

தொந்தரவுக்குப் போகும் முன் ஒரு பஞ்சாயத்தை முடித்துவிட வேண்டும். பழைய அறிவியல் புனைவைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே நண்பர்கள் வட்டத்தில் இரண்டு கட்சி உடனே உருவாகிவிடுகிறது. ஒரு கட்சி, “அதெல்லாம் அவுட்டேட்டட் ப்ரோ, 2010ல சோவியத் யூனியன் இருக்காம்” என்று சிரிக்கும். இன்னொரு கட்சி, “சயின்ஸை விடுங்க, மனிதம்தான் முக்கியம்” என்று தழுதழுக்கும். முதல் கட்சியோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. இரண்டாவது கட்சிதான் ஆபத்து. சாங்கின் அத்தியாயத்திலிருந்து சயின்ஸை எடுத்துவிட்டால் அங்கே ஒரு மண்ணும் மிஞ்சாது.

வியாழனின் தூரத்தில் சூரிய வெளிச்சம் நமக்குக் கிடைப்பதில் சுமார் 27-ல் ஒரு பங்கு. அந்த மங்கலில், வரிசையாக விளக்கேற்றி நிற்கும் ஒரு கப்பல் என்பது அங்கிருக்கும் உயிருக்கு என்னவாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். யூரோப்பாவின் நிலநடுக்கோட்டிலேயே வெப்பநிலை மைனஸ் 160 டிகிரி வாக்கில். காற்று என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. நீரை விட்டு வெளியே வந்த எதுவும் உறைந்தே ஆகவேண்டும். ஈர்ப்போ பூமியில் ஏழில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. அதனால்தான் அத்தனை பெரிய உடம்பு ஊர்ந்து ஏற முடிகிறது. இந்த மூன்று எண்களையும் சேர்த்து வைத்தால் ட்சியெனின் சாவு தானாக வருகிறது. வில்லன் தேவைப்படவில்லை. சாங் அழாமல், குரல் நடுங்காமல் இந்த விவரங்களை அடுக்குவதால்தான் நமக்குத் தொண்டை அடைக்கிறது.

இந்த எண்கள் கிளார்க்குக்குக் கிடைத்த கதையும் சுவாரஸ்யமானது. 1968-ல் வந்த ‘2001’ நாவலில் பயணம் சனிக்குத்தான் போகிறது. அதன் துணைக்கோளான ஐயபிட்டஸில்தான் கரும்பலகை நிற்கிறது. கூப்ரிக்கின் படத்தில் அது வியாழனோடு நின்றுவிட்டது, ஏனென்றால் சனியின் வளையங்களை நம்பும்படி திரையில் காட்ட முடியவில்லை. 1982-ல் தொடர்ச்சியை எழுத உட்கார்ந்த கிளார்க், தன் சொந்த நாவலை விட்டுவிட்டுப் படத்தின் வழியில் போனார். நடுவில் வாயேஜர் கலங்கள் போய்வந்திருந்தன. அதற்கு முன்பு வியாழனின் நிலாக்கள் தொலைநோக்கியில் தெரியும் சின்னச் சின்ன வட்டுகள், அவ்வளவுதான். 1979 மார்ச் 2-ஆம் தேதி பீல், காஸென், ரெனால்ட்ஸ் மூவரும் எழுதிய ஒரு கட்டுரை சயின்ஸ் இதழில் வெளியானது. அயோ நான்கு சுற்று சுற்றும்போது யூரோப்பா இரண்டு சுற்று, கனிமீட் ஒரு சுற்று. இந்தத் தாளக்கட்டு அயோவின் பாதையைச் சரியான வட்டமாக ஆகவிடாது. அதனால் வியாழனின் இழுப்பு கூடிக் கூடிக் குறைந்து, அயோவை உள்ளிருந்து பிசைந்து சூடாக்கும். உள்ளே உருகியிருக்கலாம் என்றார்கள். மூன்று நாள் கழித்து வாயேஜர் 1 வியாழனை நெருங்கியது. அடுத்த சில நாட்களில், வழிநடத்தலுக்காக எடுத்த ஒரு படத்தை ஆராய்ந்துகொண்டிருந்த லிண்டா மொரபிட்டோ, அயோவின் விளிம்பில் குடை மாதிரி எழும்பியிருந்த எரிமலைப் புகையைக் கண்டுபிடித்தார். கோட் எழுதி மூன்று நாளில் டெஸ்ட் பாஸ் ஆவது எங்கள் தொழிலிலேயே அபூர்வம்.

அயோவைப் பிசையும் அதே கை யூரோப்பாவையும் மெல்லப் பிசைகிறது. மேலே விரிசல் விரிசலான பனி, உள்ளே சூடு என்றால் நடுவில் கடல் இருக்கலாமே? சூரியன் இல்லாத கடலில் உயிர் எப்படி என்ற கேள்விக்கும் 1977-லேயே பதில் வந்திருந்தது. கலபகோஸ் தீவுகளுக்கு அருகே ஆழ்கடலில் இறங்கிய ஆல்வின் நீர்மூழ்கி, கடற்தரை வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி ஒரு முழு உயிர்க்கூட்டத்தையே பார்த்தது. கிளார்க் இரண்டையும் சேர்த்தார்.

அவரால் சேர்க்க முடிந்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. மனிதர் கடலில் முங்குபவர். 1956-லிருந்து இலங்கையில் வாழ்ந்தார், கொழும்பில்தான் 2008-ல் இறந்தார். ‘2010’ நாவலைக்கூட அங்கே ஒரு மைக்ரோ கம்ப்யூட்டரில் வேர்ட்ஸ்டார் போட்டு அடித்து, ஒரே ஒரு ஐந்தங்குல டிஸ்க்கில் நியூயார்க்குக்கு அனுப்பினார். யூரோப்பாவின் உயிர் சாங்குக்குக் கலிஃபோர்னியக் கடலோரப் பாசிக்காடுகளை நினைவூட்டுகிறது. நீருக்கு அடியில் அண்ணாந்து பார்த்துப் பழகிய ஒருவரின் ஒப்புமை அது. திருக்கோணமலையில் சுவாமி மலைக்கு அடியில், போர்த்துக்கீசியர் இடித்துத் தள்ளிய கோணேச்சரத்தின் தூண்கள் கடலுக்குள் கிடப்பதை அவரும் அவர் கூட்டாளி மைக் வில்சனும் முங்கிப் பார்த்திருக்கிறார்கள். ‘2010’-ல் யூரோப்பாவின் கடற்தரை வர்ணனையைப் படிக்கும்போது எனக்கு அந்தத் தூண்கள் ஞாபகம் வரும். வெந்நீர் ஊற்று ஒன்று அணைந்துபோனால் அதை நம்பி வளர்ந்த உயிர்க்கூட்டம் மொத்தமும் அழியும். யூரோப்பாவின் கடலுக்கு அடியில் அப்படிச் செத்துப்போன ராஜ்யங்களின் மயானங்கள் கிடக்கின்றன. சும்மா சொல்லக்கூடாது, அந்த இடங்களில் கிளார்க் கவிஞர்.

இதுவரை சொன்னது என் இரண்டாம் வாசிப்பு. மூன்றாவதில் நான் இடறி விழுந்தது வேறு இடத்தில்.

நாவலின் முடிவு பலருக்குத் தெரிந்திருக்கும். கரும்பலகைகள் பெருகிப் பெருகி வியாழனைத் தின்கின்றன. அதன் அடர்த்தி ஏறி, உள்ளே அணுக்கரு இணைவு பற்றிக்கொண்டு, வியாழன் ஒரு சின்னச் சூரியனாகிறது. பூமியில் இருப்பவர்கள் அதற்கு லூசிஃபர் என்று பெயர் வைக்கிறார்கள். யூரோப்பாவின் பனி உருகுகிறது, அங்கே மட்டும் இறங்காதீர்கள் என்று மனிதர்களுக்கு உத்தரவு வருகிறது. இயற்பியலில் இது கொஞ்சம் ஓவர். வியாழன் 318 பூமிகளின் நிறை கொண்டது, ஆனாலும் நட்சத்திரமாக அதைப்போல எழுபத்தைந்து, எண்பது மடங்கு வேண்டும். இருக்கட்டும், கரும்பலகை செய்தவர்களுக்குச் சாமர்த்தியம் அதிகம் என்று விட்டுவிடலாம்.

விட முடியாதது இன்னொன்று. வியாழனிலும் உயிர் இருக்கிறது. நாவலே சொல்கிறது. உடலை இழந்த போமன் வியாழனின் மேகங்களுக்குள் போகிறான். மிதக்கும் வாயுப்பைகளையும், அவற்றை வேட்டையாடும் பிராணிகளையும் பார்க்கிறான். அவை சுலபமாக இரையாகி, சுலபமாகச் செத்து, சுலபமாகப் பெருகும் உலகம். திடமான தரை இல்லை, நெருப்பு இல்லை, கருவிகள் வராது. அதனால் அறிவும் வராது என்று கரும்பலகைக்காரர்கள் முடிவு கட்டியிருக்கிறார்கள். யூரோப்பாவில் வருவதற்கு வாய்ப்பு உண்டு. ஆகவே இதை அழித்து அதை வாழவைக்கிறார்கள். அறிவை விதைக்கும் விவசாயிகள் அவர்கள், அவ்வப்போது களையும் எடுக்கவேண்டி வரும் என்கிற தொனியில் நாவல் அதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. ஒரு கோள் நிறைய உயிர். சாங் ஒருவருக்கு ஓர் அத்தியாயமே ஒதுக்கிய அதே நாவல்.

என் ஆயா கடலைக்காட்டில் களையெடுக்கப் போய்விட்டு வரும்போது மடியில் பண்ணைக்கீரை இருக்கும். காட்டுக்காரருக்குக் களை, எங்கள் வீட்டில் ராத்திரிக் குழம்பு. எது களை என்பதைச் செடி முடிவு செய்வதில்லை என்பது கிராமத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கிளார்க் போன்ற பெரிய மூளைக்கு இது தெரியாதா?

தெரிந்திருந்தது. அதுதான் வேதனை. 1971-ல் அவர் ‘எ மீட்டிங் வித் மெடூசா’ என்ற குறுநாவலை எழுதினார். ஹோவர்ட் ஃபால்கன் என்பவன் சூடேற்றிய ஹைட்ரஜன் பலூனில் தொங்கும் கோன்-டிக்கி என்ற கலத்தில் தனியாக வியாழனின் மேகங்களுக்குள் இறங்குகிறான். அங்கே ஜெல்லிமீன் வடிவத்தில், மலை சைஸில், ஒரு உயிரைப் பார்க்கிறான். அது ரேடியோ அலையில் பேசுகிறது போலத் தெரிகிறது. தன்னைத் தின்ன வரும் மான்ட்டாக்களை மின்சாரம் பாய்ச்சி விரட்டுகிறது. ஃபால்கனுக்கு முதலில் வரும் கவலையே, இதற்கு அறிவு இருந்தால் நான் இங்கே என்னவெல்லாம் செய்யக்கூடாது என்பதுதான். கிளார்க் எழுதியதிலேயே மென்மையான கதை அது என்பேன். ஃபால்கன் தானே பாதி இயந்திரமாகிவிட்டவன். மனிதனா இல்லையா என்று வரையறுக்க முடியாதவன். அவன் கண் வழியாகப் பார்ப்பதால் அந்த உயிரை எடைபோடவே நமக்குத் தோன்றுவதில்லை. 1976-ல் கார்ல் சேகனும் எட்வின் சால்பீட்டரும் வியாழனின் காற்றில் மிதக்கும் உயிர்கள் சாத்தியமா என்று ஓர் ஆய்வுக்கட்டுரையே எழுதினார்கள். ‘2010’-ல் வரும் வாயுப்பைகள் அந்த வம்சம்தான்.

ஆக, 1971-ல் வியாழனின் உயிருக்கு முன்னால் மரியாதையோடு ஒதுங்கி நின்ற எழுத்தாளர் 1982-ல் அதே கூட்டத்தைச் சில பக்கங்களில் எரித்தார். பதினோரு வருஷத்தில் என்ன ஆச்சு? என் ஊகம் இது: நாவலுக்கு ஒரு பிரம்மாண்ட முடிவு தேவைப்பட்டது. இருட்டான கடலில், சூரியனே இல்லாமல், அதன் போக்கில் வாழும் உயிர் என்பதோடு கிளார்க்கால் நிறுத்த முடியவில்லை. அதற்கு வானம் வேண்டும், விளக்கு வேண்டும், முன்னேற்றம் வேண்டும். ட்சியென் கப்பலின் விளக்கு எதைச் செய்ததோ அதையே லூசிஃபர் என்ற பெரிய விளக்கும் செய்கிறது. முதல் விளக்கைத் தவறு என்று சாங்குக்குத் தெரிகிறது. இரண்டாவது விளக்கை நாவல் கொண்டாடுகிறது.

இதை ஒரு நண்பரிடம் சொன்னபோது, “கதையில நாலு பலூன் செத்ததுக்கு ஏன்யா இவ்ளோ சீன்?” என்றார். ஏன் என்றால், அந்தப் பத்தியின் குரல் எனக்குத் தெரிந்த குரல். சில வருஷங்களுக்கு முன்பு, அப்போது வேலை பார்த்த இடத்தில் ஒரு பழைய மென்பொருளை மூடும் பொறுப்பு என்னிடம் வந்தது. டேஷ்போர்டில் பயனர் எண்ணிக்கை ரொம்பக் குறைவு. வளர வாய்ப்பில்லை. அதில் போகும் ஆட்களைப் புதியதில் போட்டால் பத்து மடங்கு பலன். ‘குறைந்த பயன்பாடு காரணமாக’ என்று தொடங்கி நான்கு வரி மின்னஞ்சல் எழுதினேன், முப்பது நாள் கெடு கொடுத்தேன், மூடினேன். தப்பு என்று இப்போதும் சொல்லமாட்டேன், கணக்கு சரியாகத்தான் இருந்தது. இரண்டு வாரம் கழித்து சின்ன ஊர்க் கடைக்காரர் ஒருவரிடமிருந்து ஒரு வரி வந்தது. “சார், எங்கப்பா எழுதுன பதினோரு வருஷக் கணக்கு அதுல இருந்துச்சு, இப்ப எங்க போய் பாக்கறது?” பேக்கப்பும் அழிந்திருந்தது. நான் அவருக்கு என்ன எழுதினேன் என்பது ஞாபகம் இருக்கிறது, அதை இங்கே சொல்ல மனமில்லை. ‘2010’-ன் அந்தப் பக்கங்களை மூன்றாம் முறை படிக்கும்போது என் நான்கு வரி மின்னஞ்சலின் நடை அப்படியே காதில் விழுந்தது. நிதானமான, நியாயமான, எண்களோடு கூடிய நடை.

அடுத்த பாகங்களைப் பார்த்தால் இந்தக் குறை இன்னும் பச்சையாகத் தெரிகிறது. ‘2061’-ல் செத்த வியாழனின் மையத்திலிருந்து தெறித்த ஒரு துண்டு யூரோப்பாவில் மலையாக நிற்கிறது. அது மொத்தமும் வைரம். ஒரு உலகத்தின் எலும்பு, மனிதர்களுக்குச் சொத்து. சாங் தன் எலும்பை ஊருக்கு எடுத்துப்போகச் சொன்னது நினைவிருக்கட்டும். 1997-ல் வந்த ‘3001’-ல் களையெடுப்பு மனிதகுலத்தின் பக்கம் திரும்பும் என்ற பயம் வருகிறது. உடனே மனிதர்கள் நிலவில் பூட்டி வைத்திருந்த கம்ப்யூட்டர் வைரஸ்களை எடுத்து கரும்பலகையில் ஏற்றி அதையே முடக்கிவிடுகிறார்கள். வைரஸ் எந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஓடியது என்று கேட்கும் தொழில்புத்தியை அடக்கிக்கொள்கிறேன். நம் முறை வந்ததும் அந்த விவசாயிகளை எதிர்க்கலாம் என்று ஆகிவிட்டதல்லவா? வாயுப்பைகளுக்கு ஏன் ஒரு வக்கீலும் கிடைக்கவில்லை? அவை ரேடியோவில் பேசவில்லை, பெயர் வைக்கச் சொல்லிக் கேட்கவில்லை. 1984-ல் பீட்டர் ஹையம்ஸ் எடுத்த படத்தில் அவையே கிடையாது, சாங்கும் கிடையாது. படத்தில் வியாழன் எரிவது வெறும் அழகான காட்சி.

யூரோப்பாவில் இறங்காதே என்ற உத்தரவை நிஜத்தில் மனிதர்கள் மதித்தார்களா? மதித்தார்கள், யாரும் சொல்லாமலேயே. 1989-ல் கிளம்பிய கலிலியோ விண்கலத்தின் பெரிய ஆன்டெனா குடை போல விரிய வேண்டியது, சிக்கிக்கொண்டது. சின்ன ஆன்டெனாவை வைத்து, நொடிக்கு அதிகபட்சம் 160 பிட் வாக்கில், மென்பொருளைத் திரும்ப எழுதித்தான் வியாழனிலிருந்து எட்டு வருஷம் தரவு வாங்கினார்கள். யூரோப்பாவுக்கு அடியில் உப்புக்கடல் இருக்கிறது என்பதற்கு வலுவான சான்று அதன் காந்தமானியில்தான் கிடைத்தது. வியாழனின் காந்தப்புலம் மாற மாற யூரோப்பாவுக்குள் ஒரு மறுபுலம் எழுகிறது, மின்சாரம் கடத்தும் ஏதோ உள்ளே இருந்தால்தான் அது நடக்கும். அந்தக் கண்டுபிடிப்பே கலத்துக்கு எமனாகவும் ஆனது. எரிபொருள் தீர்ந்து, கட்டுப்பாடில்லாமல் சுற்றி, என்றாவது ஒருநாள் யூரோப்பாவில் மோதினால், பூமியின் நுண்ணுயிர்கள் அந்தக் கடலுக்குப் போய்விடலாம். இருக்கிறதா என்றே தெரியாத உயிருக்காக, 2003 செப்டம்பர் 21 அன்று தங்கள் கலத்தைத் தாங்களே அழித்தார்கள். 2017-ல் காஸினிக்கும் இதுவே நடந்தது. சனியின் என்செலடஸ் பனிப்பிளவுகள் வழியாக நீரைப் பீய்ச்சுகிறது என்று கண்டுசொன்ன கலம் சனிக்குள்ளேயே எரிந்தது. 2024 அக்டோபரில் கிளம்பிய யூரோப்பா கிளிப்பரும் இறங்கப்போவதில்லை, கிட்டத்தட்ட ஐம்பது முறை பக்கத்தில் பறந்துவிட்டு விலகும்.

கிளார்க்கின் கடவுள்கள் யூரோப்பாவைக் காப்பாற்ற அடுத்தவர் வீட்டை எரித்தார்கள், இவர்கள் தங்கள் கலத்தை எரித்தார்கள் என்று எழுதி இந்தக் கட்டுரையை முடிப்பதாகத்தான் இருந்தேன். நண்பருக்கு அனுப்பினேன். அவர் ராத்திரி பதினோரு மணிக்கு வாய்ஸ் நோட் போட்டார்: “கலிலியோவை எங்க கொண்டுபோய் எரிச்சாங்க?”

வியாழனில்தான். நொடிக்குச் சுமார் 48 கிலோமீட்டர் வேகத்தில், ஃபால்கன் பலூனில் இறங்கிய அதே மேகங்களுக்குள். அந்த வேகத்தில் எந்த நுண்ணுயிரும் மிஞ்சாது, வியாழனில் உயிர் இருக்க வாய்ப்பும் இல்லை என்று கணக்குப் போட்டிருந்தார்கள். கணக்கு சரிதான். அன்று சிக்னல் பூமிக்கு வர 52 நிமிடம் எடுத்தது. கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்தவர்கள் கடைசித் தரவைக் கேட்டுக்கொண்டிருந்தபோது கலம் ஏற்கெனவே இல்லை.